ஆறாம் நிலாவும் அறைத் தாழ்ப்பாளும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, இரண்டாவது டீ ஆறுவதற்குள், ஒரு மதத்தைக் கைப்பற்றுவது என்று நான் முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். மற்றவர்கள் இதற்காக மலையேறியிருக்கிறார்கள், காட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், பட்டினி கிடந்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. என் அறையின் தாழ்ப்பாளை என் மனைவியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் என் ஆன்மிகம்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். கார்ட்டூன் என்று சொன்னது என் மகள் காதில் விழ வேண்டாம். பதினாலு வயது. 'அனிமே' என்று சொல்லாவிட்டால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

கஷ்டமான தொழில். படத்தில் வாய் திறந்தால் தமிழும் திறக்க வேண்டும், மூடினால் மூட வேண்டும். அங்கே ஒருவன் 'ம்' என்று உதட்டைக் கூட்டிவிட்டுப் போய்விடுவான். அதற்குள் நான் 'என் அப்பாவைக் கொன்றது நீதானா?' என்று திணிக்க வேண்டும். இன்னொருத்தி அரை நிமிடம் வாயசைப்பாள். கடைசியில் பார்த்தால் விஷயம் 'சரி'. பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என் வாய்க்கு வேலையே இல்லாததால் இது எனக்கு ஒத்துப்போகிறது.

என் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த எறும்பு தாளில் நடந்த மாதிரி இருக்கிறது என்றார் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர். எறும்புக்குத்தான் அவர் அநியாயம் செய்துவிட்டார். ஆகவே நான் கிறுக்குவேன், மனைவி சுத்தப் பிரதி எடுப்பாள். பன்னிரண்டு வருடமாக எல்லாப் பக்கமும். முத்து முத்தான எழுத்து. எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஓரத்தில் குறிகள் வேறு. சில பக்கங்களில் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். அடுப்பு மேடையில் நின்றபடி எழுதுகிறாள் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் அதை என் கையெழுத்து என்றே நினைத்தார்கள். "சார் எழுத்தைக் கண்ணுல ஒத்திக்கலாம்" என்பார் ஒலிப்பதிவாளர். நான் மறுத்ததில்லை. ஒருவர் ஆசையாகச் சொல்லும்போது மறுத்துப் பேசுவது மரியாதையா?

நான் ஏன் பார்த்ததில்லை என்றால், அந்த நேரத்தில் என் அறையில் இருப்பேன். எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. ஆனால் கதவின் உள்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருக்கிறது. குளியலறையை விட்டால் வீட்டில் உள்ளே தாழிட முடிகிற ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவுடன் அதைப் போட்டுக்கொண்டு "எழுதறேன்" என்பேன். கன்னத்தில் தாளின் கோடு பதியும் அளவுக்கு எழுதுவேன்.

இந்த அமைதிக்கு உலை வைத்தது 'ஏழு நிலா நாடு' என்ற தொடர்.

பொதுவாக இந்த அனிமே நாடுகளின் மத விவகாரம் எனக்கு அத்துப்படி. கோயில் என்றால் முந்நூறு படி இருக்கும், ஏறுகிறவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருப்பாள். பண்டிகை என்றால் ஒன்று வாணவேடிக்கை, இல்லாவிட்டால் உலக அழிவு. பெரும்பாலும் இரண்டும் ஒரே எபிசோடில். வெள்ளை அங்கி போட்ட தலைமைப் பூசாரி நாலாவது எபிசோடில் அன்பாகச் சிரித்தால், இருபதாவது எபிசோடில் கத்தி எடுப்பார். சாமி எப்போதும் பசியோடு இருக்கும்.

'ஏழு நிலா நாடு' கொஞ்சம் மாறுதல். வானத்தில் ஏழு நிலா. நிலாவுக்கு ஒரு பண்டிகை. சாமியின் பெயர் 'உறங்கும் பெரியவர்'. தொடர் ஆரம்பித்ததிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார். அவர் சார்பில் பேசுகிறவர் ஒரு பூசாரி. முகத்தில் வெள்ளை மர முகமூடி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை உண்டு, வாய்க்கு ஓட்டையே கிடையாது. பண்டிகைக்குப் பண்டிகை கோயில் படியில் நின்று அந்த நிலாவின் கட்டளையைச் சொல்வார். நாற்பது விநாடி வரை முகமூடியை மட்டுமே காட்டுவார்கள். வரைகிறவர்களுக்கு வேலை மிச்சம். எனக்கோ, என் வாழ்நாளிலேயே உதடு இல்லாத முதல் பாத்திரம்.

அதற்குக் குரல் கொடுப்பவன் என் மைத்துனன். வீட்டில் அவன் பெயர் 'கணீர்'. "என் தம்பி குரல் கணீர்னு இருக்கும்ல, ஏதாவது வாய்ப்பு வாங்கிக் கொடுங்க" என்று மனைவி எட்டு மாதம் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். முதலில் குதிரைக்காரன் வேடம். குதிரைக்காரன் வாயை மூடி, குதிரை ஏறி, மலையைத் தாண்டிப் போன பிறகும் கணீர் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு உதடு ஒத்துவராது. எனவே முகமூடியார். எதைக் கொடுத்தாலும் ரயில் வருகையை அறிவிக்கிற மாதிரி வாசித்துவிட்டுப் போவான். என்ன வாசிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது என்பது என் எண்ணம்.

தொடர் எங்கள் குடியிருப்பில் பற்றிக்கொண்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாலு மாடியும் டி.வி. முன்னால். பார்ப்பதோடு விட்டார்களா? கொண்டாட ஆரம்பித்தார்கள். முதல் நிலாவில் தண்ணீரில் விளக்கு விட வேண்டும் என்றார் முகமூடியார். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் தொட்டியில் பதினெட்டு விளக்கு மிதந்தது, நான் குளிக்காமல் வேலைக்குப் போனேன். இரண்டாம் நிலா செருப்பு மாற்றும் நாள். நாலாம் மாடிக் காசாளரின் செருப்பு எனக்கு இரண்டு விரல் சின்னது, நாள் முழுவதும் நொண்டினேன். மூன்றாம் நிலா மௌன நாள். அதை நான் ஒருவன்தான் அனுசரித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

"இல்லாத ஊர்ல இல்லாத சாமிக்குப் பண்டிகையா? உனக்கே இது நியாயமா இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இருக்கிற சாமிக்கெல்லாம் யாருங்க வேலை செஞ்சது?" என்றாள். "எந்தப் பண்டிகை வந்தாலும் உங்களுக்கு லீவு, எனக்கு டபுள் டூட்டி. இது ஒண்ணுதான் பலகாரம் சுடச் சொல்லாத சாமி. அதுபாட்டுக்குத் தூங்குது. சொந்தக்காரங்க வந்து குறை சொல்றதில்ல. போன தடவை நீ எனக்கு என்ன எடுத்துக் கொடுத்தேன்னு சண்டை இல்ல."

"வரைஞ்சவனுக்கு மாசச் சம்பளம்மா. அவனே நம்ப மாட்டான்."

"நம்பறதுக்கு அவன் எதுக்கு? அதான் நாங்க இருக்கோமே."

இதற்கு மேல் மதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது.

ஐந்தாம் நிலாவில்தான் என் சக்தி எனக்குத் தெரிந்தது. 'கிழக்கே பார்த்துக் குனியுங்கள்' என்பது மூலம். தமிழில் போட்டேன், இரண்டு விநாடி மிச்சம். இட்டு நிரப்ப 'மூன்று முறை' என்று சேர்த்தேன். வேறு காரணமே கிடையாது. அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மாடியும் கிழக்கே பார்த்து மூன்று முறை குனிந்தது. காசாளர் மூன்றாவது குனிதலில் அப்படியே தங்கிவிட்டார். பக்தி என்று எல்லாரும் கையெடுத்தார்கள். பிறகுதான் பிடிப்பு என்று தெரிந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஜப்பான்ல ஒரு தடவைதான் குனியறாங்க" என்று என் மகள் மூலப்படத்தைப் பார்த்துவிட்டுக் கொளுத்திப் போட்டாள். மறுநாளே 'ஒரு தடவை'க்காரர்கள், 'மூணு தடவை'க்காரர்கள் என்று இரண்டு கட்சி. ஒருவர் ஏறினால் மற்றவர் லிப்டில் ஏறுவதில்லை. மதம் பிறந்து ஐந்து வாரம்தான். வளர்ச்சி நல்ல வேகம்.

நான் மட்டும் ரகசியமாகச் சிலிர்த்துப்போனேன். என் வீட்டில் மின்விசிறியைக் குறை என்றால் யாரும் குறைப்பதில்லை. ஆனால் முகமூடிக்குப் பின்னால் நின்று குனி என்றால் நாலு மாடி குனிகிறது!

அடுத்த நாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு மேசையில் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தம்பி விடுதியைக் காலி பண்றான். இனிமே நம்மகூடத்தான் இருப்பான்."

"தாராளமா. எங்க படுப்பான்?"

"உங்க ரூம்ல."

"அது நான் எழுதற ரூமாச்சே!"

"எழுதறீங்களா? குறட்டைச் சத்தம் வெளிய கேக்குது."

"அது மின்விசிறி."

"மின்விசிறி 'அய்யோ பாம்பு'ன்னு கத்துமா?"

"சரி, ஒரு மாசம் போகட்டும்..."

"ஆறாம் நிலா வருதுல்ல, அன்னைக்கே வரட்டும். நல்ல நாளு" என்றாள். பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம், அவள் தட்டை எடுத்துவிடுவாள். நான் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும் என்பதில்லை.

பன்னிரண்டு வருடத் தாழ்ப்பாள்! அப்போதே போய்த் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்த முடிவுக்கு வந்தேன்.

ஆறாம் நிலாவின் மூலக் கட்டளை வெறும் சப்பை. 'பழைய துடைப்பங்களை எரித்துப் புகையை வானத்துக்குக் காட்டுங்கள்.' முப்பத்தெட்டு விநாடி, முழுக்க முகமூடி. நான் இப்படி எழுதினேன்:

'ஆறாம் நிலாவில் எந்த வீட்டிலும் புது ஆள் குடிபுகலாகாது. மனைவியின் உடன்பிறந்தோர் வாசலோடு திரும்புவர். வீட்டுத் தலைவன் தன் அறையில் தாழிட்டு ஓய்வு கொள்வான். அவனை எழுப்புகிறவர் உறங்கும் பெரியவரையே எழுப்பியவர் ஆவார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இதுவே நியமம்.'

என் அறையைப் பிடுங்க வருகிறவன் வாயாலேயே அவனை வெளியே அனுப்பப் போகிறேன்! எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பக்கத்தை மனைவியிடம் சுத்தப் பிரதிக்குக் கொடுக்க முடியாது. எனவே வேலை செய்கிற இடத்திலேயே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து நானே எடுத்தேன். இரண்டு மணி நேரம். கிறுக்கல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவாளர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார்.

கணீர் மைக் முன்னால் நின்று முழங்கினான். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. நடுவில் நிறுத்தினான்.

"மாமா, இதுல 'மனைவியின் உடன்பிறந்தோர்'னு வருதே..."

"ஆமா மாப்ளே. அதுக்கென்ன?"

"யாரு மாமா அவங்க?"

"அது அந்த நாட்டுல ஒரு வகைப் பிசாசு."

"ஓ! அப்ப கொஞ்சம் பயங்கரமாப் பேசணும்ல?"

"ரொம்பப் பயங்கரமாப் பேசு."

பேசினான். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டில் ஓர் ஆள் மட்டும் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். மகளைத் தனியே கூப்பிட்டேன்.

"கண்ணு, ஆறாம் நிலா எபிசோடு ஜப்பான்ல பாத்துட்டியா?"

"பாத்தாச்சு. துடைப்பம் எரிக்கறாங்க."

"தமிழ்ல கொஞ்சம் வேற மாதிரி வரும்."

"எவ்வளவு வேற மாதிரி?"

"துடைப்பம் இருக்காது."

அவள் அம்மா மாதிரியே என்னைப் பார்த்தாள். "நான் வாயத் திறக்காம இருக்கணும்னா, ஆறாம் நிலாவுல பிள்ளைங்க புத்தகத்தைத் தொடக் கூடாதுன்னு ஒரு வரி சேருங்க."

இந்த வயதிலேயே மத குருமார்களோடு பேரம் பேசத் தெரிந்துவிட்டது. முன்னேறுவாள். மறுநாள் நாலு விநாடி ஒதுக்கி அந்த வரியையும் சேர்த்தேன். கணீர் முணுமுணுக்காமல் வந்து பேசிக் கொடுத்தான்.

சனிக்கிழமை. சாட்சிக்கு ஆள் வேண்டுமே, நானே போய் எல்லாரையும் எங்கள் கூடத்துக்கு அழைத்தேன். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் வந்தார். அவர் 'ஒரு தடவை' கட்சித் தலைவி. காசாளர் முதுகுக்குத் தலையணையோடு வந்தார், அவர் 'மூணு தடவை'. இருவருக்கும் நடுவில் மகளை உட்கார வைத்தேன். கணீர் இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு வாளியோடு வாசலில் நின்றான். வாளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. எப்படியும் திரும்பிப் போகப்போகிற வாளி.

தொடர் ஆரம்பிக்கும் முன் நான் எழுந்து நின்றேன்.

"முகமூடியார் என்ன சொன்னாலும் இந்த வீடு கேக்கும். சரியாம்மா?"

"நான் எப்ப கேக்காம இருந்தேன்?" என்றாள் மனைவி.

"அப்படியில்ல. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"சத்தியமாக் கேக்கறேன். நீங்க?"

"என்ன கேள்வி? நானும் சத்தியம்!"

"டீச்சர், நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள்.

"கேட்டாச்சு" என்றார் டீச்சர். அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

ஆறு அடித்தது. இசை. முந்நூறு படி. ஏழு நிலாவில் ஆறாவது எழுந்தது. முகமூடி திரை முழுக்க வந்தது. நான் சோபாவில் சாய்ந்து காலை நீட்டினேன்.

"ஆறாம் நிலாவில்..." என்று கணீரின் குரல் முழங்கியது. வாசலில் நின்ற கணீர் பெருமையோடு எல்லாரையும் பார்த்தான்.

"ஆறாம் நிலாவில் ஒவ்வொரு வீடும் தன் இடத்தைப் பிரித்துக்கொள்ளும். தாழ்ப்பாள் உள்ள அறை, எழுதும் கைக்கு. கூடம், வீடு இல்லாமல் வந்தவனுக்கு. வீட்டுத் தலைவனுக்கு, அடுப்பு மேடை. பிள்ளைகள் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இதுவே நியமம். ஏற்றேன் என்று வீட்டுத் தலைவன் மூன்று முறை குனிவான்!"

"அப்பா!" என்று அலறினாள் மகள்.

என் காதை நானே நம்பவில்லை. ஆனால் தொழில்காரன் புத்தி எங்கே போகும்? வாய் பிளந்திருந்த அந்த நிலையிலும் கணக்குப் பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை. மூச்சு விடும் இடத்தில் மூச்சு. நான் இதுவரை எழுதியதில் இவ்வளவு கச்சிதமாக ஒரு கட்டளை அமைந்ததே கிடையாது.

பிறகுதான் ஒரு பொறி தட்டியது. எழுதும் கை! இந்த வீட்டில் எழுதுகிறவன் யார்?

"பாத்தீங்களா டீச்சர்?" என்று துள்ளி எழுந்தேன். "எழுதும் கைக்கு அறை! நான்தானே எழுதறவன். அறை எனக்கு!"

"நியாயம்தான்" என்றார் காசாளர். "சார்தான் எழுத்தாளர்."

மனைவி மறுக்கவே இல்லை. "ஆமாமா, அவர்தான். யார் இல்லன்னா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தாள். நாலாக மடித்த தாள். எனக்குப் பகீரென்றது. துவைக்கப் போட்ட சட்டை! சட்டைப் பை!

"இது அவரே எழுதினது டீச்சர். அவர் வாயால படிச்சுக் காட்டட்டும். அவர் கைதான் எழுதும் கைன்னு நானே ரூமைத் தொடச்சு விட்டுடறேன்."

டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். "என்ன பாஷை இது?" என்று என்னிடம் நீட்டினார்.

நான் படித்தேன். மனதுக்குள். 'மனைவியின் உடன்பிறந்தோர் வாசலோடு திரும்புவர்.' இன்னும் பத்து நாள் கழித்துக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்லுவேன். உரக்கப் படித்தால், சாமி பேரில் நான் செய்த தில்லுமுல்லு நாலு மாடிக்கும் தெரியும். வாசலில் வாளியோடு நிற்கிற பிசாசுக்கும் தெரியும். காசாளரின் முதுகு எதனால் பிடித்தது என்பதும் வெளியே வரும். படிக்காவிட்டால், நான் எழுதும் கை இல்லை.

"என்ன சார், உங்க எழுத்துதானே?" என்றார் டீச்சர்.

"கண்ணாடி... கண்ணாடியைக் காணோம்."

"மூக்கு மேல இருக்கு" என்றாள் மகள். அந்த ஒரு மணி நேரப் படிப்புக்கு அவள் என்னை மன்னிக்கவில்லை.

"சிரமப்படாதீங்க" என்றாள் மனைவி, அன்பாக. நாலாவது எபிசோடில் வெள்ளை அங்கிக்காரர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "உங்க எழுத்து எனக்கு நல்லாப் படிக்க வரும். எல்லாருக்கும் நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினேன். "வேண்டாம்மா. எழுதும் கை நீதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, பன்னிரண்டு வருடத்தில் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் ஒரு விநாடி என்னையே பார்த்தாள். பிறகு தாளை வாங்கி மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அது இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது, அதனால்தான் வீட்டில் அமைதி நிலவுகிறது.

"குனியுங்க சார், மூணு தடவை" என்றார் காசாளர், ஆசையோடு.

"ஒரு தடவை போதும்" என்றார் டீச்சர்.

"மூணுன்னு முகமூடியாரே சொல்லிட்டார்!"

சண்டை மூள்வதற்குள் நான் குனிந்தேன். மூன்று முறை. கிழக்கு எது என்று பார்க்கவில்லை, மனைவி நின்ற பக்கமாகவே குனிந்தேன்.

எல்லாரும் போன பிறகு சமையலறையில் கேட்டேன். "எப்படி?"

"உங்க சவுண்டு சார் புதன்கிழமை போன் பண்ணார். 'மேடம், சார் கொண்டுவந்ததுல யாரோ போலிப் பக்கம் செருகிட்டாங்க, உடம்பு சரியில்லாததுல சார் கவனிக்கல. எழுத்து கோழி கிளறினாப்ல இருக்கு. சார் எழுத்து எனக்குத் தெரியாதா?'ன்னு ஒரே பதற்றம். படிக்கச் சொன்னேன். தடவித் தடவிப் படிச்சார். 'ஆமா, போலிதான். சரியான பக்கம் கொடுத்தனுப்பறேன்'னேன்."

"நீ எழுதி அனுப்பினதும்..."

"'இதுதான் சார் கையெழுத்து'ன்னு கண்ணுல ஒத்திக்கிட்டாராம். உங்ககிட்ட இதைப் பத்திப் பேச வேண்டாம், போலின்னு தெரிஞ்சா சார் மனசு கஷ்டப்படும்னேன். நல்ல மனுஷன், கேட்டுக்கிட்டார்."

"மறுபடி பேச வெச்சப்ப உன் தம்பி ஒண்ணுமே சொல்லலியா?"

"அவனுக்கு என்ன தெரியும் பாவம்? ரெண்டு நாளா என்னைப் போட்டுக் கேக்கறான், 'உடன்பிறந்தோர்னு ஒரு பிசாசு இருக்காமே அக்கா, ராத்திரி வருமா?'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரம் கொடுக்காமல் அவள் கையில் இருந்த கரண்டியை என்னிடம் கொடுத்தாள்.

"கிளறிக்கிட்டே இருங்க. அடி பிடிக்காமப் பாத்துக்கங்க" என்றாள். அறைக்குள் போனாள். பித்தளைத் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே இருந்து கேட்டபோது அது எவ்வளவு சின்னச் சத்தம்! வெளியே நின்று கேட்டால் நெஞ்சில் விழுகிறது.

இப்போது எனக்கு அடுப்பு மேடை. நின்றபடி எழுதுகிறேன். என் தாளிலும் எண்ணெய்ப் பொட்டு விழுகிறது. கூடத்தில் கணீர் முகமூடியாரின் குரலிலேயே குறட்டை விடுகிறான். மகள் பாடப் புத்தகத்துக்குள் வேறு புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவுடன் மனைவி "எழுதறேன்" என்று சொல்லித் தாழ் போட்டுக்கொள்கிறாள். சாயங்காலம் வெளியே வரும்போது அவள் கன்னத்தில் தாளின் கோடு பதிந்திருக்கிறது.

நான் எழுதுவதைக் கதவின் அடியில் தள்ளிவிடுவேன், சுத்தப் பிரதியாக வெளியே வரும். இந்தக் கதையும் அப்படித்தான் வந்தது. கடைசியில் நான் ஜெயிப்பதாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.